செம்மஞ்சள் என்று சொன்னேன்

கிளி,

பக்கத்து வீட்டு மருமகள் இன்று கலியாண வீட்டிலிருந்து வரும்போது மூன்று ஜேர்பராப் பூக்கள் கொண்டுவந்து தந்தாள். தலை சாயாமல் நிற்க, ஒவ்வொரு தண்டையும் சோடா குடிக்கும் குழாய்க்குள் விட்டிருந்தார்கள். மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. உன் பூதான். குழாயை உருவினேன், தலை தொங்கிவிட்டது. அதற்குப் பிறகு அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ குழாயா வைத்தாய்? தென்னோலை ஈர்க்கைச் சீவி, தண்டோடு சேர்த்து நூலால் சுற்றுவாய். குருநகரில் உன்னோடு தையல் பழகிய பிள்ளை பிரித்துத் தந்த ஒரு கன்று, கோப்பாயில் எங்கள் மிளகாய்த் தோட்டத்து ஓரத்தில் இருபதாகப் பெருகியது. சனிக்கிழமைகளில் பூக்களை வாளியில் நிறுத்தி, சைக்கிள் கரியரில் கட்டி, அந்தப் பிள்ளையின் ஊர் மாதா கோயிலுக்குக் கொண்டுபோவாய். அம்மாவுக்குப் பிடிக்காது.

"மணமில்லாத பூவை வளர்த்து என்னடி பிரியோசனம்? சாமிக்கும் வைக்கேலாது, தலையிலையும் வைக்கேலாது."

"பிள்ளையாருக்கு எருக்கலம்பூவே போதுமாம் அம்மா. நான் கேட்டிட்டுத்தான் வாறன்."

அம்மாவே சிரித்துவிட்டா.

அம்மா காலமானபின் நாம் இருவர்தான். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வர, எல்லோரையும் ஊரைவிட்டு உடனே வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். நான் சட்டி பானையைச் சாக்கில் கட்ட, நீ மழைக்குள் குந்தியிருந்து மண் கிண்டினாய்.

"உனக்கு விசரே? ஒடியல் மாவை எடு எண்டால் பூக்கண்டு கிண்டுறாய்!"

"மாவை நீ தூக்கு. இதை நான் தூக்கிறன்."

"எந்த நிறத்தைக் கிண்டினாய்?"

"ஆருக்குத் தெரியும்? இலையெல்லாம் ஒண்டுதானே. பூக்கேக்கை பாப்பம்."

நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக மழையில் நின்றோம். கன்று உன் நெஞ்சோடு இருந்தது. மட்டுவிலில் தெரிந்தவர்களின் தென்னங்காணிக்குள் கொட்டில் போட்ட கிழமையே உனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டுக் காய்ந்தது. மருந்து எடுத்தோம், இறங்கவில்லை. எழும்பி நடக்க முடியாமல் பாயில் கிடந்தபடி சொன்னாய்:

"அக்கா, நீயே நடு. குருத்தை மட்டும் மண்ணாலை மூடிப்போடாதை. மூடினால் அழுகிப்போம்."

வேலிக்கரையில், நீ சொன்னபடியே நட்டேன். மாரிமழை மணலைக் கரைத்துக்கொண்டு போனது. வேர் வெளியே தெரிந்தது. மிளகாய்க்கன்றுக்கு மண் அணைத்துப் பழகிய கை இது. நீ சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனாலும் வேர் தெரியத் தெரிய ஒரு கன்றை விட்டுவிட்டு வர இந்தக் கைக்குத் தெரியவில்லை. மண்ணைக் குவித்து, நல்லாக அணைத்து, உள்ளங்கையால் தட்டிவிட்டேன். சில நாளில் குருத்தைத் தொட்டேன். கறுத்து, வழுவழுத்து, கையோடு வந்துவிட்டது.

அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? கண் விழித்தால் முதலில் அதைத்தானே கேட்பாய்.

"குருத்து எப்பிடி அக்கா?"

"நல்லா நிக்குது."

பொய்யும் ஒரு கன்று மாதிரித்தான் வளர்ந்தது. ஒரு கிழமை புது இலை வந்தது என்றேன். பிறகு மொட்டு என்றேன். நீ அன்று இரண்டு வாய் கஞ்சி கூடக் குடித்தாய். அதற்காகத் தண்டு நீளுகிறது என்றும் சொன்னேன். தை பிறக்க முந்திய ஒரு பின்னேரம், உன் குரல் காற்றுப்போல வந்தது.

"விரிஞ்சிட்டுதோ?"

"ஓம்."

"என்ன நிறம்?"

"செம்மஞ்சள்."

என் முகத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். கொண்டுவந்து காட்டு என்று கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். எங்கே போவேன், எந்தப் பூவைக் கொண்டுவருவேன்?

"அப்ப முறிச்சுக்கொண்டு வராதை அக்கா. செடியிலையே நிக்கட்டும்."

அப்படிச் சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். அயல் கொட்டில் பெண்கள் பறித்து வந்த செவ்வரத்தம்பூவைத்தான் உன் காலடியில் வைத்தேன்.

கோப்பாய்க்குத் திரும்பி வந்து எத்தனையோ வருசமாகிவிட்டது. தோட்டத்து ஓரத்தில் உன் கன்று ஒன்றும் மிஞ்சவில்லை, நானும் வைக்கவில்லை. நீ கடைசியாகச் சொன்ன அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். ஒருநாள் அது என்னைத் தடவிக்கொடுக்கிறது, மறுநாள் நெஞ்சை அறுக்கிறது. பூ இன்னும் சில நாள் செடியில் நிற்கட்டும் என்ற ஆசையிலா அப்படிச் சொன்னாய் கிளி, இல்லை, நான் வெறுங்கையோடு உன் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்றா?