ஒட்டடைக்கம்பு தூரம்

கதவு இடுக்குல கெடந்த ஒட்டடைக்கம்ப இன்னைக்குக் கையில எடுத்தேன். நீ பிடிக்கிற எடம் மட்டும் வழவழன்னு இருக்கு. நீ போயி நாலு மாசமாச்சு. ஒட்டடை அடிக்கல. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன். அழுகையும் வரல.

எல்லைல சண்டை முடிஞ்சு நான் லீவுல விளாங்குடிக்கு வந்த மறுநா, காப்பியோட வந்து தோளத் தொட்ட. கண்ணு முழிக்கிறதுக்குள்ள உன் கைய முறுக்கிட்டேன். வயர்லெஸ் செட்டு ரிப்பேர் பாக்குற கை இது. உன் மணிக்கட்டு வீங்கிப் போச்சு. உங்கம்மா கேட்டதுக்கு, "குழாயடில வழுக்கிருச்சும்மா"ன்னு சொல்லிட்ட.

அதுக்கு அடுத்த நா காலைல உள்ளங்கால்ல என்னமோ குத்துச்சு. பாத்தா நீ வாசப்படிலயே நிக்கிற, இந்தக் கம்போட.

"மாமா, எந்திரிங்க. எல்லைக்கு வெளிய நின்னுதான் கூப்பிடுறேன்."

ஊருக்கு வந்து அன்னைக்குத்தான் சிரிச்சேன். அப்புறம் நீ கிட்ட வந்து எழுப்பவே இல்ல. பட்டாளத்த விட்டுட்டு ஆரப்பாளையத்துல இன்வெர்ட்டர் ரிப்பேர் கடைல சேந்த பெறகும் கம்புதான். பாப்பாவுக்கும் சொல்லிக் குடுத்த. "அப்பா தூங்குறப்ப படியத் தாண்டக் கூடாது."

போன ஞாயித்துக்கெழமை மத்தியானம் அசந்துட்டேன். முழிச்சா, பாப்பா வாசப்படில சுருண்டு கெடக்கு. ஒடம்பு கொதிக்குது, சட்டையெல்லாம் வாந்தி. கம்பத் தூக்கத் தெம்பில்லாமப் பக்கத்துல போட்டிருக்கு. உன்னையக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான.

"கிட்ட வந்து எழுப்ப வேண்டியதுதான தாயி?"

"அம்மா வையும்."

ஊசி போட்டு இப்பத் தேவல. இனிமே தொட்டு எழுப்புன்னு சொன்னேன். "அம்மாட்ட கேட்டியா?"ங்குது.

கேட்டேன்னு சொல்லிரலாம். ஆனா முந்தாநேத்து கடை மொதலாளி பின்னாடி வந்து தோள்ல கை வச்சாரு. அவர் சட்டையக் கொத்தாப் பிடிச்சிட்டேன். "ஏய் மாப்ள, நாந்தான்யா!"ன்னு அவர் கத்துனப்பத்தான் விட்டேன். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அப்படிக் கத்தத் தெரியுமா?

"கேட்டுச் சொல்றேன்"ன்னு மட்டும் அன்னைக்குச் சொல்லி வச்சேன். தெனம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அம்மா என்ன சொல்லுச்சு?"ன்னு கேக்குது. நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியல.

அது தூங்குனப்புறம் பக்கத்துல போயிப் படுத்துக்கிறேன். அது கை எம்மேல வந்து விழுகும். நான் தூங்குறதில்ல.