முப்பத்தைந்து போதும்

பட்டினப்பாக்கம்
9.7.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

எஸ்தர் எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். உன் வீட்டுக்காரரும் அனிருத்தும் நலமா? போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. டீச்சர்கள் பெற்றோரிடம் போனில் பேசக்கூடாது என்று உங்கள் பள்ளியில் புதுச் சட்டமாமே, என் பெண் அனு சொன்னாள். சரி, ப்ளஸ் டூ லீவில் நீ சங்கரன்கோவிலுக்குப் போனபோது எழுதிக்கொண்டோமே, அதுபோல எழுதிவிட்டுப் போகிறேன். ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டால் எந்த ஹெட்மிஸ்ட்ரஸ் தடுப்பார்?

அவள் பத்தாவதில் உன் வகுப்பு, கணக்கும் நீதான் என்றதும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆனால் கணக்குப் பாடம் வந்தால் அவளை லைப்ரரிக்கு அனுப்பிவிடுகிறீர்களாம். இன்னும் யார் யார் என்று கேட்டேன். "நம்ம குப்பத்துப் பசங்க மொத்தமும் அங்கதாம்மா கீறோம்" என்றாள். மெல்லக் கற்போர் என்று பெயராம்.

அனுவா மெல்லக் கற்கிறவள்? எட்டாவதில் கணக்கில் அவள்தான் முதல். அவள் அப்பா ராபர்ட் படகு எஞ்சினை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைக்கு எடுத்துப்போனால் இவளும் தொற்றிக்கொண்டு போய் அந்த மெக்கானிக்கின் உயிரை எடுப்பாள். முதல் குரூப் எடுத்து எஞ்சினியரிங் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்குக் கணக்கில் நல்ல மார்க் வேண்டுமே. ஏதோ தப்பு நடந்திருக்கிறது. நீ பார்த்தால் சரியாகிவிடும்.

உன்
எஸ்தர்


மந்தைவெளி
15.7.2024

அன்புத் தோழி எஸ்தருக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். படித்த பிறகு மனசு கஷ்டமாகிவிட்டது.

தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாவது ஆண்டுத் தேர்வில் அனு கணக்குப் பரீட்சை எழுதவில்லை. உங்கள் குப்பத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட அன்றைக்கு வரவில்லை. ஒரு லீவ் லெட்டர்கூட வரவில்லை. வராதவர்களுக்குப் பூஜ்யம். அந்த மார்க்கை வைத்துத்தான் ஜூனில் பிரித்தார்கள்.

நீ பயப்படாதே. லைப்ரரியில் கொடுக்கிற மினிமம் மெட்டீரியலைப் படித்தால் முப்பத்தைந்து நிச்சயம். வரைபடமும் செய்முறை வடிவியலும் போட்டாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. உங்கள் பிள்ளைகளின் வீட்டுச் சூழ்நிலை எனக்குத் தெரியாததா? அதிகமாகத் திணித்தால் பாதியில் ஓடிவிடுவார்கள். அப்படி எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். இது அவர்கள் நல்லதுக்குத்தான்.

அனுவைக் கேட்டதாகச் சொல். தங்கமான பெண், வாயே திறப்பதில்லை.

அன்புடன்
ஷண்முகப்ரியா


பட்டினப்பாக்கம்
28.7.2024

அன்புள்ள பிரியாவுக்கு,

அனு வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் அவள் வாயை மூட வைப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம். நீ பார்க்கிற அனு யார் என்று தெரியவில்லை.

அந்தப் பரீட்சைக்கு முந்தின நாள் எங்கள் லூர்துசாமி அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பு கரைக்கு வரும்வரை குப்பத்தில் அடுப்பு எரியாது, ஒருவரும் எங்கேயும் போகமாட்டோம். உனக்குத் தெரியாததா? நாம் பதினொன்றாவது படிக்கும்போது என் மாமா அப்படிப் போனார். நீ தி.நகர் கடையில் இருந்த உன் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்து, மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். லீவ் லெட்டர் எழுத அன்றைக்கு உனக்குத் தோன்றியதா? எங்களுக்கும் தோன்றவில்லை. ஊருக்கே தெரிந்த சாவை யாருக்கு எழுதித் தெரிவிப்பது?

உங்கள் ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்த்து இதைச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "உங்க ஏரியாப் பசங்க பாஸ் ஆனாலே எங்களுக்குப் பெருமைதாம்மா" என்றார். அவள் பாஸ் ஆவாளா என்று நான் கேட்கவே இல்லை, பிரியா.

இன்னொரு பரீட்சை வைத்துப் பாருங்கள். தேறாவிட்டால் நானே வாயை மூடிக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று. "உங்கள் பிள்ளைகள்" என்று எழுதியிருக்கிறாய். அனுவை ஞானஸ்நானத்தன்று இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்தவள் நீ.

உன்
எஸ்தர்


மந்தைவெளி
14.10.2024

அன்புள்ள எஸ்தருக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. காலாண்டுப் பேப்பர் திருத்தியே முதுகு போய்விட்டது. அனு கணக்கில் நாற்பத்தொன்று. லைப்ரரிப் பிள்ளைகளில் அவள்தான் முதல். உனக்குச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசினேன். அரையாண்டில் அறுபது எடுத்தால் மாற்றலாம் என்கிறார். அழுத்திக் கேட்டால், "உங்க ஃபிரண்ட் பொண்ணா?" என்கிறார். நூறு சதவீத ரிசல்ட் வராவிட்டால் அடுத்த வருஷம் எனக்கே வேலை இருக்குமோ என்னவோ. என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

அன்புடன்
பிரியா


பட்டினப்பாக்கம்
20.10.2024

பிரியாவுக்கு,

நாற்பத்தொன்றுக்கு என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? மெட்டீரியலில் இருந்த அத்தனையும் எழுதியிருக்கிறாள், ஒன்றுகூடத் தப்பில்லை. இல்லாத கணக்கை எங்கிருந்து எழுதுவாள்? இயற்கணிதம் நடத்தவே இல்லை. முக்கோணவியல் பக்கத்தைத் திருப்பினால், "அது உங்களுக்கு இல்ல" என்கிறாராம் அங்கே உட்கார்ந்திருக்கிற விளையாட்டு பி.டி. சார். நாற்பதுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அறுபது கேட்பது என்ன நியாயம்?

டியூஷன் சேர்க்க அலைந்தேன். பத்தாவதுக்கு ஜூனிலேயே இடம் முடிந்துவிட்டதாம். ராபர்ட், "விடு எஸ்தரு, பெரிய எடத்துல நம்ம பேச்சு எங்க எடுபடும்" என்கிறார். எனக்கு விட மனசில்லை. மீன் அரியும்போதும் இதே நினைப்பு. நீ உள்ளே இருக்கிறாய் என்ற ஒரே தைரியம்தான்.

எஸ்தர்


மந்தைவெளி
18.1.2025

என் அருமை எஸ்தருக்கு,

நல்ல செய்தி. பிந்திய பொங்கல் வாழ்த்தாக வைத்துக்கொள். மெட்டீரியலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்ததில் அரையாண்டில் அனு ஐம்பத்திரண்டு எடுத்ததும் மறுபடி போய்க் கெஞ்சினேன், சண்டைகூடப் போட்டேன். இவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ. திங்கட்கிழமை முதல் அனு என் வகுப்பிலேயே உட்காரலாம். ரிவிஷன் நடக்கிறது, பரவாயில்லை, பிடித்துக்கொள்வாள். இனி நீ நிம்மதியாகத் தூங்கு.

உன்
பிரியா


பட்டினப்பாக்கம்
2.2.2025

பிரியாவுக்கு,

நீ சண்டை போட்டது பெரிய விஷயம். அதற்கு நன்றி.

அனு திங்கட்கிழமை உன் வகுப்புக்கு வந்தாள். வியாழக்கிழமை தானாகவே லைப்ரரிக்குத் திரும்பிப் போய்விட்டாள். நீ பார்த்திருப்பாய். அவளைக் கூப்பிட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. மற்றவர்கள் மூன்றாம் தடவை திருப்புகிற பாடத்தை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். நீ கேள்வி கேட்டு அவளுக்குத் தெரியாமல் போனதும், "பரவால்ல உக்காரும்மா, உனக்கு இது வேணாம்" என்றாயாம். மனசு நோகாமல்தான் சொன்னாய் என்று அவளே சொல்கிறாள். "மிஸ் ரொம்ப நல்லவங்கம்மா" என்கிறாள்.

அடித்துக்கூடக் கேட்டுவிட்டேன், ஏன்டி திரும்பிப் போனாய் என்று. அழவில்லை. "எனக்கு அதெல்லாம் ஏறாதும்மா. நான் மெல்லக் கற்போர். பாஸ் போதும்" என்றாள். முதல் குரூப்பா என்று கேட்டால், அது யாருக்கோ உள்ளது என்பதுபோலப் பார்க்கிறாள். உங்கள் பள்ளியோடு சண்டை போடலாம். இவளோடு எப்படிப் போடுவது?

நீ கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வாசலில் வந்து கத்திவிட்டாவது போயிருப்பேன்.

ரிசல்ட் வரும். அவள் பாஸ் ஆவாள், நீ சொன்னபடியே. அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடாதே.

எஸ்தர்