பச்சை கேட்ட கப்பல்

வாடைக் கோள், வடதிட்டு நிலையம்.
பதிவு: தங்கபுஷ்பம், மண் ஆய்வாளர்.

முன்பனி 3, 06:10

வெளி வெப்பம் நான்கு பாகை. ஈரப்பதம் சொல்லும்படி இல்லை. புல்தரையின் நிறம் பழுப்பு. மேலே தாள் காய்ந்துவிட்டது, அடிக்குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருக்கிறது. பிடித்து இழுத்தால் வர மறுக்கிறது. அதாவது உயிரோடு உறங்குகிறது. தண்ணீர் நிறுத்தியாயிற்று. மூன்று விரல் உயரத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. இந்தக் குளிரிலும் வறட்சியிலும் புல்லை வாழவைக்க வேறு வழி கிடையாது.

இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு: இங்கே புல் அழகுக்கு இல்லை. வேர் மண்ணைப் பிடித்தால்தான் தூசி அடங்கும். தூசி அடங்கினால்தான் காற்று வடிகட்டி ஓடும். எனக்கு முன்னால் இங்கே இருந்தவர்கள் தூசியில் மூச்சுமுட்டிச் செத்தார்கள்.

முன்பனி 5, 14:30

குடியேற வருகிற கப்பல் தலைக்கு மேலே வந்துவிட்டது. முந்நூறு பேர். ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற முடியாத கப்பல். தலைவர் ஜெபமணி அண்ணாச்சி. நாலு வருஷம் கழித்து நான் கேட்ட முதல் மனுஷக் குரல் அவருடையது.

"ஏ புஷ்பம், என்னம்மா இது? கேமராவுல பாத்தா கட்டாந்தரையால்லா கெடக்கு. புல்லு எங்க?"

"அதான் புல்லு அண்ணாச்சி. உறங்குது. வெயில் வந்ததும் முழிச்சிரும்."

"எங்க ஊரு கல்லறையிலயும் எல்லாரும் நித்திரைதான் அடைஞ்சிருக்காவ."

பின்னால் பத்துப் பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முன்பனி 6, 09:00

குருத்தை நெடுக்காக வெட்டி, வெள்ளை தெரியப் படம் எடுத்து அனுப்பினேன். வேரின் படத்தையும் அனுப்பினேன். அண்ணாச்சியின் பதில்:

"அதெல்லாம் இருக்கட்டும். பச்சையா இருக்கா இல்லையா? பத்து நாள் பாப்போம். தெரியலேன்னா நாங்க தெக்குத்திட்டுக்குப் போயிருவோம். அங்க ஏரி இருக்கு, பொழச்சுக்கிடுவோம். நீ உன் சோலியப் பாத்துக்க."

சவத்துப் பயலுவ. நாலு வருஷம் ஒத்தையில கிடந்து, கல்லுத் தரையில புல்லு பிடிக்க வச்சவளுக்கு இதான் மரியாதை. இவங்க போயிட்டா அடுத்த கப்பல் என் ஆயுசுக்குள்ள கிடையாது.

முன்பனி 8, 19:20

பச்சை வேணுமா? வர வச்சிரலாம். யூரியாவை அள்ளிக் கொட்டி, தினமும் தண்ணி விட்டா நாலே நாள்ல தளதளன்னு நிக்கும். ஆனா அப்படி எழுப்பின புல்லு இளசு. முதல் உறைபனிக்குக் குருத்தோட வெந்துரும், அப்புறம் எழும்பவே எழும்பாது. புல்லு போனா தூசி, தூசி வந்தா எல்லாரும் காலி.

செய்ய மாட்டேன். அவங்க தெக்க போகட்டும், நல்லா இருக்கட்டும். புல்லும் நானும் இங்க உயிரோட கிடப்போம்.

முன்பனி 11, 13:05

கப்பல்ல யாரோ மைக்கை அணைக்க மறந்துட்டாங்க. ஒரு பொம்பளை தட்டு கழுவலேன்னு புருஷனை ஏசுதா. "நான் என்ன உனக்கு வேலைக்காரியா?" யாருக்கோ தும்மல். ஒரு கெழவரு குழம்புல உப்பில்லேன்னு சடைச்சுக்கிட்டாரு.

ஒலிபெருக்கி மேல காதை வச்சுக் கேட்டேன். அவங்க அணைச்ச பிறகும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அழுதேன். எனக்கு மனுஷ வாசனை வேணும். தட்டு கழுவலேன்னு என்னை ஏச ஒரு ஆளு வேணும்.

முன்பனி 12, 05:40

கிடங்குல இருந்த யூரியா முழுக்கக் கொட்டியாச்சு. தெளிப்பான் ஓடுது. யாரும் எங்கிட்ட நியாயம் பேச வராதீங்க.

முன்பனி 16, 10:15

"ஏ புஷ்பம்! பச்சைப்பசேல்னு இருக்கே! இத முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா? எல்லாரும் சன்னல்ல தொங்குதாவ. எறங்கட்டுமா?"

வராதீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா போதும்.

"வாங்க அண்ணாச்சி"ன்னேன்.

பின்பனி 2, 06:00

மைனஸ் பத்தொன்பது. மூணு ராத்திரியா உறைபனி. பிடிச்சு இழுத்தேன், கையோட வந்துருச்சு. குருத்து வெந்த கீரைத்தண்டு மாதிரி கொழகொழன்னு இருக்கு. இன்னொரு இடம் பாத்தேன். இன்னொரு இடம். எல்லாம் அதேதான்.

அன்னைக்கு மைக்குல தட்டு கழுவலேன்னு புருஷனை ஏசின பொம்பளை பேரு எஸ்தர். நேத்து எனக்குச் சோறு போட்டு, மெலிஞ்சு போயிட்டேன்னு என்னை ஏசினா. எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா. ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

பின்பனி 9

காத்து ஆரம்பிச்சிட்டு. சன்னலுக்கு வெளிய ஒண்ணும் தெரியல. வடிகட்டி விளக்கு மஞ்சள். இப்ப சிவப்பு.

நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில அண்ணாச்சி பேசுதாரு:

"எல்லாரும் கேளுங்க. புல்லு காஞ்சிட்டுன்னு யாரும் பயப்படாதீங்க. சாகல, உறங்குது. நம்ம புஷ்பம் அன்னைக்கே படம் பிடிச்சு அனுப்பிச் சொன்னா, நான்தான் நக்கலடிச்சேன். மன்னிச்சுக்கம்மா. வெயில் வந்ததும் முழிச்சிரும். அப்படித்தான புஷ்பம்? நீயே ஒரு வார்த்தை சொல்லு, பிள்ளைகளுக்குத் தைரியமா இருக்கும்."

எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. மைக் என் கையிலதான் இருக்கு.

"ஆமா அண்ணாச்சி. உறங்குது"ன்னேன்.