ராணியின் பாவாடையில் ஒரு கட்டைவிரல்

அன்பு அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஒரு கூத்து கேளுங்கள்! நீங்கள் அனுப்பிய அம்மாவின் சேலை பார்டர் படத்தை வைத்துக் கணினியில் ஒரு பிரஷ் செய்தேன்; கோடு இழுத்தால் அந்தப் பார்டரே வரிசையாக விழும் தூரிகை அது. இங்கே நாங்கள் வரையும் கதைப்படத்து ராணியின் பாவாடை ஓரமாக வளைத்து ஒரே இழுப்பு! பார்டர் மாங்காய்கள் ஒன்றுகூடக் கோணாமல் வளைவோடு வளைந்து ஓடின. துள்ளிக் குதித்துவிட்டேன்.

மேலாளர் திரையை உற்றுப் பார்த்தார். "யாரும்மா இது, ராணி பாவாடையைப் புடிச்சு இழுக்கறது?"

ஒவ்வொரு மாங்காய்க்குப் பக்கத்திலும், சேலையைப் பிடித்திருந்த உங்கள் கட்டைவிரல்!

"எங்கப்பா சார்!" என்றேன். அறையே சிரித்தது.

விரலை அழித்துப் புது பிரஷ் செய்து கொடுத்துவிட்டேன். பழையதை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

அம்மாவின் நீலச் சேலையையும் படமெடுத்து அனுப்புங்கள். கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். சேலையை நீங்களே பிடியுங்கள் அப்பா. விரல் தெரிந்தால் தெரியட்டும்.

உங்கள் வாலு