பெட்டி வந்தது, மருந்து வரவில்லை

நானா,

நீங்கள் விற்ற குளிர்சாதனப் பெட்டி என் மருந்துக்கடையில் இன்னும் உறுமிக்கொண்டிருக்கிறது. இன்று காலை ஒருவர் வந்து அதன் மேல் தேர்தல் துண்டுப்பிரசுரம் வைத்துவிட்டுப் போனார். அவருடைய கட்சி வந்தால் வரியைக் குறைக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த அண்ணன் போன்ற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முன்பு வரி குறைந்த அன்று கண்டித் தெருவில் வெடி கொளுத்தினார்கள். கடைக்குக் கடை பாற்சோறு. பக்கத்து மின்சாதனக் கடையிலிருந்து நீங்களும் ஒரு தட்டோடு வந்தீர்கள். மற்றவர்கள் குறைந்த வரியைத் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்ள, நீங்கள் மட்டும் அன்றே விலையைக் குறைத்திருந்தீர்கள்.

"சனம் சாமான் எடுக்கும் தம்பி. எல்லாருக்கும் பரக்கத், யாவாரம் பெருகும்."

"எடுப்பாங்க நானா. உங்க கடையில எது இங்க செஞ்சது? எல்லாம் கப்பல்ல வந்தது. காசும் கப்பல்லதானே போகும்?"

"பயந்தாங்கொள்ளி! முதல்ல பாற்சோறத் தின்னு."

சனம் அள்ளிக்கொண்டு போனது. நானும் இந்தப் பெட்டியை எடுத்தேன், இன்சுலின் வைக்க. முக்கியமாக உங்களுடைய இன்சுலினை. அரசாங்கத்துக்கு வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை. நோட்டு அடித்தார்கள். அடித்த ரூபாயைக் கொடுத்தால் எந்த நாட்டுக்காரன் மருந்து தருவான்? கடன் தந்தவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். டொலர் தீர்ந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நீங்களே இந்தக் கதவைத் திறந்து பார்த்தீர்கள். உள்ளே ஒன்றுமில்லை.

"பொட்டி நல்லாத்தான் குளிருது தம்பி," என்றீர்கள்.

நான் தெல்தெனிய வரைக்கும் அலைந்தேன். கிடைத்தது போதவில்லை. உங்கள் காலில் வந்த புண் ஆறவே இல்லை. அக்குறணை மையவாடியில் உங்களை அடக்கிவிட்டு வந்தபோது, நீரிழிவால் போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பொய்யாகத்தான் பட்டது. வரியைக் குறைத்தவர்களில் ஒருவர்கூட ஊசி மருந்துக்கு அலைந்ததாக நான் கேள்விப்படவில்லை. அன்று விட்ட வரியை இன்று உங்கள் மகனிடமும் என்னிடமும் கூட்டி வாங்குகிறார்கள். இப்போது மறுபடியும் குறைக்கிறார்களாம்! வெட்கமே கிடையாதா?

பின்னேரம் அதே மனிதர் சுவரொட்டி ஒட்ட அனுமதி கேட்டு வந்தார். நான் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"இந்த மருந்துக்கு டொலர் எங்கேர்ந்து வரும்? அதச் சொல்லிட்டு ஒட்டுங்க."

அவர் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கீழ்த்தட்டு நிறைய இன்சுலின் இருக்கிறது, நானா. ஆனாலும் அந்தக் கதவை நான் இன்றுவரை கோபமில்லாமல் திறந்ததில்லை.