படகுத்துறையில் நிற்பவர்

ஆகஸ்ட் 3
இந்த வாரம் என் பெயர் முள்ளங்கி. இந்த ஏரிக்கரை முகாமில் தொண்டு செய்ய வந்த எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் யாரும் சொந்தப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. என்னோடு குடிலைப் பார்த்துக்கொள்பவள் ஊறுகாய். எங்களிடம் ஆறு சிறுமிகள். எல்லோர் வீட்டிலும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய்.

எட்டு வயது மாரிட் கேட்டாள், "ஏன் முள்ளங்கி?"

"கோபம் வந்தா செவந்துடுவேன்."

"எங்கப்பா மஞ்சளாயிடுவாரு."

ஆகஸ்ட் 4
மாலையில் மாரிட் படகுத்துறையைக் காட்டினாள். "அப்பா வந்திருக்காரு."

அங்கே யாரும் இல்லை. அவர் டுலூத் நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயிற்சியில் சொன்னது: குழந்தை சொல்வதை மறுக்காதே, ஆமாம் என்றும் சொல்லாதே. எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

"முடி வளந்திருக்கு."

ஆகஸ்ட் 5
இன்று கைத்தடி இல்லாமல் நிற்கிறாராம்.

ஆகஸ்ட் 6
தப்பு செய்துவிட்டேன்.

"நீயும் கை காட்டேன். பாவம், தனியா நிக்கிறாரு" என்றாள். காட்டினேன். அவள் முகம் அப்படி இருந்தது, வேறென்ன செய்வது?

"இப்பத்தான் நம்ம பக்கம் நடக்க ஆரம்பிச்சாரு" என்றாள் மாரிட். "பெரியவங்க யாராவது கூப்பிடட்டும்னு காத்துட்டிருந்தாரு."

காற்றே இல்லை. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நான் பார்த்தது படகுகளைத்தான். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7
ஊறுகாயிடம் சொன்னேன். "பேய்க்கு டாட்டா காட்டினியா? யாராவது கேட்டா உன்னை எனக்குத் தெரியாதுன்னுடுவேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியச் சாப்பாட்டில் மாரிட் பக்கத்தில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தில் பெஞ்சுப் பலகை நனைந்திருந்தது. ஈர உடையோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் இடி பயத்தால் இன்று ஒருவரையும் ஏரியில் இறக்கவில்லை.

"நாளைக்கு இவரோடதான் போவேன்."

"அப்ப ஆஸ்பத்திரியில இருக்கிற அப்பா?"

"அவருக்கு உடம்பு சரியில்ல."

ஆகஸ்ட் 8
பெற்றோர் வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும் நாள். மாரிட்டின் அம்மா கார் ஓட்டி வந்தார். பக்கத்து இருக்கையில் அப்பா, ஆஸ்பத்திரியில் கெஞ்சி அனுமதி வாங்கி வந்தவர். மஞ்சள் முகம். தலையில் ஒரு முடி இல்லை.

மாரிட் அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் படகுத்துறைக்கு நடந்தாள். நான் ஓடினேன். பலகையின் கடைசி விளிம்பில் நின்றிருந்தாள், கையை யாரிடமோ நீட்டியபடி.

"முள்ளங்கி, நீயும் பாத்தேதானே?"

ஆமாம் என்றால் போய்விடுவாள் — அந்தத் தண்ணீருக்குள்.

"இல்ல மாரிட். நான் யாரையும் பாக்கல. உனக்காகப் பொய்யா கை காட்டினேன்."

என்னை வெறுப்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள். "அது பொய்னு அவருக்குத் தெரியாதே."

பின்னாலிருந்து மெலிந்த குரல். "கண்ணு, என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியாதும்மா. நீ வர்றியா?"

நீட்டிய கை மெல்ல இறங்கியது. போனாள். காரில் ஏறும்போது அவருடைய சீட் பெல்ட்டை அவளே மாட்டிவிட்டாள்.

அக்டோபர் 19
முகாம் குடும்பங்கள் இலையுதிர்காலத்தில் கூடும் நாள். மாரிட்டின் அப்பா செப்டம்பரில் இறந்துவிட்டார். "கடைசி வரைக்கும் அவ பக்கத்துலயே இருந்தா. ஐஸ் துண்டு ஊட்டினது அவதான்" என்றார் அம்மா. மாரிட் உயரமாகியிருக்கிறாள். இரண்டு தட்டு பூசணிக்காய் இனிப்பு சாப்பிட்டாள்.

ஏரி உறைவதற்குள் படகுகளைக் கரையேற்ற வேண்டும், வருகிறாயா என்று ஊறுகாய் கேட்டாள். வரவில்லை என்றேன். ஏன் என்றாள்.

குளிர் என்றேன்.