குளிர்ச்சியாக வையுங்கள்

ஏப்ரல் 12, சனி

காலையிலேயே அனல். கடை ஷட்டரில் கை வைக்க முடியவில்லை, முந்தானையால் பிடித்துத் தூக்கினேன். புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு நாய் கூட நடமாடவில்லை. விற்றதெல்லாம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், வேர்க்குரு பவுடர்.

செல்வி போன். என்னோடு பி.பார்ம் படித்தவள், இப்போது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அடுத்த சனிக்கிழமை கடைசி வருடப் பிள்ளைகளுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். "சிலபஸ்ல இருக்கறத நான் சொல்லிடுவேன்டி. இல்லாதத நீ வந்து சொல்லு." எனக்கா? மேடையா? முடியாது என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

ராத்திரி சாப்பாடு ஆனதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது:

– "சாப்பாட்டுக்கு முன்" என்று கவரில் எழுதினால் போதாது. எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்க வேண்டும். மீன் விற்கிறவர்களுக்கு விடியலில் டீயும் பன்னும், சோறு நடுப்பகலில்.

– இன்ஹேலர். மூடியைக் கழற்றாமலே அழுத்தி இழுத்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியார். "ஒண்ணும் கேக்கலையே இந்த மருந்து" என்று என்னிடம் சண்டை வேறு.

– குழந்தைகளின் பவுடர் சிரப். பாட்டிலில் மொத்தமாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டியதை, ஒவ்வொரு வேளையும் கரண்டியில் கொஞ்சம் பவுடர் எடுத்துக் கலந்து கொடுத்த அம்மா.

– திருக்கழுக்குன்றம் மலை ஏறுகிற கூட்டம். விரதம் என்று வெறும் வயிறு, ஆனால் சர்க்கரை மாத்திரை மட்டும் தவறாமல்.

– இரும்புச் சத்து மாத்திரையை டீயில் விழுங்குவது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பாபு எட்டிப் பார்த்தார். "ஒரு மணி நேரந்தானா? நீ மூச்சு வுடவே பத்தாதே." கட்டிக்கொண்ட புருஷன், என்ன செய்வது.

ஏப்ரல் 14, திங்கள். புத்தாண்டு

மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல். பாபு முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டதற்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

சாயங்காலம் மட்டும் கடை. முதல் ஆளாக அஞ்சலை அக்கா. சதுரங்கப்பட்டினத்து மீன்காரம்மா. வீட்டுக்காரர் பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். இவர் ரோட்டோரம் கூடை போட்டு விற்பார். எனக்கு வஞ்சிரம் வந்தால் எடுத்து வைத்துவிட்டுப் போன் போடுகிற ஒரே ஜீவன். போன மழைக்காலத்திலிருந்து இன்சுலின் ஊசி.

டாக்டரம்மா மறுபடியும் அளவைக் கூட்டியிருக்கிறார். இது எத்தனாவது தடவை என்றே மறந்துவிட்டது. சீட்டைப் பார்த்து எனக்கே பகீர் என்றது.

"இன்னாமா பண்றது, எறங்கவே மாட்டேங்குது சனியன். சோத்த கூட பாதியாக்கிட்டேன். போன வாரம் வெறும் வயித்துலயே முந்நூறு."

கேட்டேன், எல்லாமும் கேட்டேன். வெறும் சிரிஞ்சில் ஊசி போட்டுக் காட்டச் சொன்னேன், கை சுத்தம். இடம் மாற்றி மாற்றித்தான் போடுகிறார். நான் விற்ற பாட்டில்தான், தேதி தாண்டவில்லை. வேளை தவறவில்லை.

"குளிர்ச்சியா வைக்கிறீங்களா?"

"நீ சொன்னமேரியே குளிர்ச்சியா தான் வெச்சிகினு கீறேன்."

சபாஷ் என்றேன். புது பாட்டில் கொடுத்தேன். பழையது இன்று ராத்திரியோடு முடிகிறதாம். போகும்போது புலம்பல்: நள்ளிரவிலிருந்து மீன்பிடித் தடை, போட்டெல்லாம் கரையேறிவிட்டது, ஆம்பளைகள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு உயிரை எடுப்பார்கள். சிரித்தோம்.

ஆனாலும் மனசில் ஒரு உறுத்தல். இவ்வளவு மருந்து போட்டும் ஏன் இறங்கவில்லை?

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதினால்தான் மனசு அடங்கும்.

கடை திறந்ததும் அணுமின் நிலைய டவுன்ஷிப் சார் ஒருவர், இன்டர்நெட்டில் எடுத்த நாலு பக்கத்தோடு. கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி என்னைப் பரீட்சை வைத்தார். பாஸ் பண்ணினேன்.

அவருக்குப் பின்னால் லட்சுமி, அஞ்சலை அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண், தைலம் வாங்க வந்தாள். சில்லறை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே ஐஸ் வண்டியும் வராது. அஞ்சல அக்காதான் பேஜாரா கீது, ஊசி மருந்த எங்க வெக்கறதுன்னு."

"ஐஸ் வண்டிக்கும் ஊசி மருந்துக்கும் என்ன?"

"மீன் ஐஸ் பொட்டிலதான வெச்சிகினு இருந்துச்சி. அத்த நேத்தே கழுவி கவுத்துட்டாங்க."

மொத்தமும் ஒரே சமயத்தில் விளங்கியது. மீன் பெட்டி ஐஸில் உப்பு வேறு தூவுவார்கள், குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போகும். இன்சுலின் அதில் உறைந்து செத்துப் போயிருக்கும், வெளியே எடுத்து உருகினாலும் உயிர் வராது. செத்த மருந்து வேலை செய்யாது. வேலை செய்யாததால் சர்க்கரை இறங்கவில்லை. இறங்காததால் டாக்டரம்மா கூட்டினார், கூட்டினார், கூட்டிக்கொண்டே போனார். இன்று ஐஸ் இல்லை. நேற்று நான் கொடுத்த பாட்டில் உறையவில்லை, முழு உயிரோடு இருக்கிறது. அவ்வளவு பெரிய அளவை இன்று காலை அதிலிருந்துதான் போட்டிருப்பார்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. குளுகோமீட்டரைப் பையில் போட்டு, ஷட்டரை இழுத்து, லட்சுமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரை விரட்டினேன். வழியெல்லாம் முருகா முருகா.

அக்கா வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார். புடவை நனையும் அளவு வியர்வை. சுற்றி நாலு பேர் விசிறிக்கொண்டு, "வெயிலு தூக்கி அடிச்சிடுச்சி." என்னைப் பார்த்து, "யாரு, மீனு வேணுமா? மீனு இல்ல போ போ" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். 46. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

"சர்க்கரை எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்!"

ஒருவரும் அசையவில்லை. வீட்டுக்காரர் குறுக்கே நின்றுவிட்டார். "சுகர் கீற பொம்பளைக்கு சக்கரையா? இன்னாமா பேசற நீ?"

அந்த மனுஷனை அடிக்காத குறை. "அண்ணே, இப்ப குடுக்கலைன்னா அக்கா நமக்கு இல்லண்ணே!" என்று கத்தினேன். லட்சுமிதான் உள்ளே ஓடி டப்பாவோடு வந்தாள். சொம்பில் கரைத்து வாயருகே வைத்தால் அக்கா தட்டிவிடுகிறார். "சக்கர தண்ணி குடுத்து சாவடிக்க பாக்கறியா? நீ மருந்துகாரியா, எமனா?" இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, திட்டிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். பாதி என் மேல்.

கால் மணி நேரம் இருக்கும். முகம் தெளிந்தது. "ஏம்மா, கடைய வுட்டுட்டு இங்க இன்னா பண்ற?"

அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. மறுபடி குத்திப் பார்த்து, ஏறியதும் இட்லி ஊட்டினோம்.

பழைய பாட்டிலைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் உருட்டினேன். சீராக வெண்மையாகக் கலங்க வேண்டிய மருந்து கலங்கவே இல்லை. திரிந்த பாலாகக் கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"ஏன்க்கா ஐஸ்ல வெச்சீங்க?"

"வூட்டு ஃப்ரிட்ஜுதான் உப்புக் காத்துல துரு புடிச்சி வீணா பூட்ச்சே. மீனே கெடாத பொட்டில மருந்து கெட்டுடுமா?"

பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டேன்.

கிளினிக்குக்கு ஆட்டோவில். டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "குளிர்ச்சியா வெச்சீங்களான்னு நானும் கேட்டேனே" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம்வரை அங்கேயே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, அளவை முதன்முதலில் தொடங்கிய இடத்துக்கே இறக்கி எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 16, புதன்

மேகமூட்டம். கொஞ்சம் காற்று. தூக்கம் நன்றாக வந்தது.

காலையில் அக்காவுக்குப் போன். வெறும் வயிற்றில் 150. "நல்லா கீறேன்மா. நேத்து ஒன்ன திட்டிட்டேனாமே." எமன் என்றீர்கள் என்றேன். கடகடவென்று சிரித்தார்.

மத்தியானம் ஒரு சின்ன மண்பானை, ஒரு பெரிய மண்பானை வாங்கிக்கொண்டு போனேன். பெரியதில் ஈர மணல், அதற்குள் சின்னது, அதற்குள் பாட்டில், மேலே ஈரத்துணி. மணல் காயக் காயத் தண்ணீர். ஐஸ் ஏன் ஆகாது, மருந்து உறைந்தால் எப்படிச் சாகும், அதனால்தான் அளவு ஏறியது, இப்போது ஏன் குறைவாகப் போட வேண்டும் என்று அத்தனையும் விளக்கினேன். புரிந்ததா என்றேன். "புரியாம இன்னா" என்று தலையை ஆட்டினார். நான் நன்றாகத்தான் சொன்னேன், எனக்கே தோன்றியது. வீட்டுக்காரர் மணல் அள்ளிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். ஸ்கூட்டரே மணக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

லீவு நாள், ஈ.சி.ஆர். முழுக்க மாமல்லபுரம் போகிற கார்கள். வாந்தி மாத்திரை அமோகம்.

செல்வி போனில் பி.பி.டி. ஸ்லைடு கேட்டாள். இல்லை என்றேன். "ஒண்ணுமே இல்லாம வந்து நிக்கப் போறியா?" ஆமாம். காலண்டர் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீலப் புடவையா, மாம்பழக் கலரா? பாபுவைக் கேட்டால் "ரெண்டும்" என்கிறார்.

ஏப்ரல் 19, சனி

மாம்பழக் கலர்.

ஹால் நிறையப் பிள்ளைகள். முதல் கேள்வி நான்தான் கேட்டேன்: இன்சுலினை எங்கே வைக்க வேண்டும்? மொத்த ஹாலும் ஒரே குரலில், "டூ டு எய்ட் டிகிரி!" சரி, உங்கள் வீட்டில் டூ டு எய்ட் டிகிரி எந்த இடத்தில் இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றாக வந்தது. "ஃப்ரீசர்ல, மேடம்." "எங்க பெரியப்பா டிவி மேல வெப்பாரு." "சாமி ரூம்ல, குளுகுளுன்னு இருக்கும்." "கரண்ட் போனா தண்ணி டிரம்முல போட்டுடுவோம்." சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் அக்கா கதை, பேர் சொல்லாமல். "குளிர்ச்சியா வைக்கிறீங்களான்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. எங்க வெச்சிருக்கீங்கன்னு கேளுங்க, காட்டச் சொல்லுங்க" என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் இரண்டானது. பாபு ஜெயித்தார்.

சால்வை போட்டார்கள். செல்வி கையைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான்டி கூப்பிட்டேன்" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் சீட். வழியெல்லாம் வாயைத் திறந்தபடி சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது, கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். ரொம்ப நாள் ஆயிற்று இவ்வளவு சந்தோஷமாக இருந்து.

வீட்டுக்கு வந்து சால்வையைக்கூட எடுக்கவில்லை, அஞ்சலை அக்கா போன். சர்க்கரை 130. பானை ஜில்லென்று இருக்கிறதாம்.

"ஒரு டவுட்டுமா. தடைக்காலம் முடிஞ்சா ஐஸு வந்துடும்ல."

"வரட்டும்க்கா."

"அப்போ மருந்த ஐஸ் பொட்டிலயே வெச்சிட்டு, அந்தப் பெரிய அளவையே போட்டுக்கறேன். பானைல கீற வரிக்கும் சின்ன அளவு, ஐஸுக்கு பெரிய அளவு. சர்தான?"

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அக்கா வைத்திருக்கிறார். அவர் கணக்கில் ஒரு இடத்திலும் பிசகு இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலைல வர்றேன். நான் வாயே திறக்க மாட்டேன். நீங்க எனக்குச் சொல்லுங்க, மொதல்லேந்து."

"நான் சொல்லணுமா? ஒனக்கா?" சிரிக்கிறார். "வா வா. நாஸ்தா துன்னாம வா."